குரலுக்கு விலை சொன்ன பெண்
(கே.பி. சுந்தராம்பாள் வாழ்க்கையிலிருந்து நமக்கு ஒரு பாடம்)



இந்தப் பகுதியில் வழக்கமாக கணக்குப் புத்தகம் எழுதுவது, வங்கிக் கடன் இணைப்பு, தீர்மானம் போடுவது பற்றிப் படிப்போம். இந்த மாதம் ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் படிக்கப் போகிறோம். அவர் சினிமாவில் பாடி நடித்தவர். பெயர் கே.பி. சுந்தராம்பாள்.

பெயர் தெரியாவிட்டாலும் ஆளைத் தெரியும். ‘திருவிளையாடல்’ படத்தில் பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு போகும் முருகனை, கையில் கோலோடு நெற்றி நிறைய விபூதியோடு வந்து பாடிச் சமாதானப்படுத்துவாரே ஔவைப் பாட்டி, அவரேதான். கோயில் கொடைக்கும் பங்குனிப் பொங்கலுக்கும் நம் ஊர் குழாய் ரேடியோவில் விடிகாலையில் அந்தக் குரலைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது.

“சினிமாக்காரங்க கதையில நமக்கு என்ன மேடம் பாடம் இருக்கு?” என்று நீங்கள் கேட்கலாம். தகப்பன் துணையில்லாத வீடு, பசி, இரண்டாம் தாரம், பிள்ளையைப் பறிகொடுத்த துக்கம், 25 வயதில் கைம்மை. இவை எதுவும் சினிமாக்காரருக்கு மட்டும் வருவதில்லை. நம் குழுக்களில் உள்ள பல பேருடைய வாழ்க்கையில் இவற்றில் ஒன்றாவது நடந்திருக்கிறது. அத்தனையும் நடந்த பிறகும் ஒரு பெண் தன் உழைப்புக்குத் தானே விலை சொன்னார், தன் வாழ்க்கையைத் தானே முடிவு செய்தார். அதைத்தான் படிக்கப் போகிறோம்.

கூட்டத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாக வாசியுங்கள். மற்றவர்கள் கேளுங்கள். கடைசியில் கேள்விகள் உள்ளன.

அம்மாவின் பெயரே இனிஷியல்

சுந்தராம்பாள் 1908-ம் ஆண்டு அக்டோபர் மாதம் காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் பிறந்தார். இன்று அது ஈரோடு மாவட்டம். ‘கே’ என்பது கொடுமுடி. ‘பி’ என்பது பாலாம்பாள். பாலாம்பாள் அவருடைய அம்மா.

தகப்பன் பெயரையோ கணவன் பெயரையோ போடாமல், தன்னை வளர்த்த தாயின் பெயரை முன்னால் போட்டுக்கொண்டு நாடு முழுவதும் பெயர் வாங்கியவர் அவர். இன்றைக்குக்கூட நம் குழுப் பதிவேட்டில் “க/பெ” என்று போட்டுக் கணவர் பெயரை எழுதிய பிறகுதான் பேனா அடுத்த கட்டத்துக்கு நகர்கிறது. சுந்தராம்பாள் பிறந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

வீட்டில் வறுமை. சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே ரயிலில் பாடி, கிடைத்த காசை வீட்டுக்குக் கொண்டுவந்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அப்படிப் பாடியதைக் கேட்டுத்தான் அவரை நாடகக் கம்பெனிக்குச் சேர்த்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் பாட்டுத்தான் அவருக்குக் கைத்தொழில் ஆனது.

நல்லதங்காள் பிள்ளையாக

முதலில் கிடைத்த வேஷங்களில் ஒன்று ‘நல்லதங்காள்’ நாடகத்தில் பிள்ளை வேஷம். பசி தாங்காமல் தாயிடம் அழுது பாடுகிற பிள்ளை.

நல்லதங்காள் கதையை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் கோயிலே இருக்கிறது. பஞ்சம் பிழைக்க ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள், அண்ணன் மனைவி மூளி அலங்காரி ஒரு வாய்ச் சோறு போட மறுத்ததால் பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளித் தானும் விழுந்து செத்தாள் என்பது கதை. நம் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் அந்த இடத்தைக் கடக்கும்போது கையெடுத்துக் கும்பிடுகிறார்கள்.

பசியை நேரில் பார்த்த பிள்ளை, பசியைப் பாடினால் எப்படி இருக்கும்? கேட்டவர்கள் கண்ணீர் விட்டார்கள் என்கிறார்கள். அந்த வேஷத்தில்தான் சுந்தராம்பாளின் பெயர் பரவத் தொடங்கியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி ஒன்றை யோசியுங்கள். நல்லதங்காளுக்குப் போக ஒரே ஒரு வாசல்தான் இருந்தது, அண்ணன் வீட்டு வாசல். அது அடைத்தவுடன் அவளுக்கு உலகமே அடைத்துவிட்டது. ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டினாலும் அவசரக் கடன் கொடுக்கிற பத்துப் பன்னிரண்டு பெண்கள் அவளுக்கு இருந்திருந்தால் அந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். குழு என்பது கடனும் வட்டியும் மட்டுமல்ல என்று பயிற்சியில் அடிக்கடி சொல்வது இதற்காகத்தான்.

மைக் இல்லாத காலம்

அந்தக் காலத்து நாடகத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றும் நம் தென்மாவட்டங்களில் திருவிழாவுக்கு ‘வள்ளி திருமணம்’, ‘அரிச்சந்திரா’ போடுகிறார்களே, அந்த ஸ்பெஷல் நாடகம்தான் அது. பெரும்பாலான நாடகங்களை எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள். ராத்திரி ஆரம்பித்து விடிய விடிய நடக்கும். வள்ளி ஒரு ஊரிலிருந்து வருவார், முருகன் வேறு ஊரிலிருந்து வருவார். சேர்ந்து ஒத்திகை கிடையாது. மேடையில்தான் சந்திப்பு. பாட்டுக்குப் பாட்டு, சொல்லுக்குச் சொல் போட்டி. சளைத்தவர் அடுத்த ஊரில் மேடை ஏற முடியாது.

அன்றைக்கு மைக் வசதி இல்லை. ஆயிரம் பேர் உட்கார்ந்திருந்தாலும் கடைசி ஆளுக்குக் கேட்கிற மாதிரிப் பாட வேண்டும். சுந்தராம்பாள் அப்படிப் பாடிப் பழகியவர். அவர் குரல் உச்சத்தில் கணீரென்று நின்றதற்குப் பின்னால் இருப்பது பல வருஷத்து ராத்திரி வேலை.

மரியாதை மட்டும் குறைவு. பல கம்பெனிகளில் பெண் வேஷத்தையும் ஆண்பிள்ளைகளே போட்டார்கள். மேடை ஏறிய பெண்ணைப் பற்றி ஊர் வாய்க்கு வந்தபடி பேசியது. பாட்டைக் கேட்க மட்டும் கூட்டம் கூட்டமாக வந்தது.

செங்கோட்டை கிட்டப்பா

ராஜபாளையத்திலிருந்து தெற்கே பஸ் ஏறினால் வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி தாண்டி செங்கோட்டை. அந்த ஊர்க்காரர் எஸ்.ஜி. கிட்டப்பா. 1906-ல் பிறந்தவர். சிறு பையனாக நாடக மேடை ஏறி, தமிழ்நாடு முழுக்கக் கொடி கட்டிப் பறந்தவர்.

சுந்தராம்பாள் குழுவோடு இலங்கைக்குப் போய் நாடகம் நடத்திப் புகழ் பெற்றிருந்தார். 1926-ல் கொழும்பில் கிட்டப்பாவோடு சேர்ந்து நடிக்கும் வாய்ப்பு வந்தது. “அவரோடு பாடினால் உன் பாட்டு எடுபடாது, வேண்டாம்” என்று பலரும் பயமுறுத்தினார்களாம். சுந்தராம்பாள் பயப்படவில்லை. மேடை ஏறினார். இருவர் குரலும் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை. அன்று முதல் அந்த ஜோடி எங்கே நடித்தாலும் கூட்டம் அலைமோதியது. இசைத்தட்டுகளும் வந்தன.

1927-ல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். சாதி வேறு. அதைவிடப் பெரிய விஷயம், கிட்டப்பாவுக்கு ஏற்கனவே திருமணமாகி மனைவி இருந்தார். அந்தக் காலத்தில் இந்து ஆண் ஒருவர் இரண்டாவது திருமணம் செய்துகொள்வதைச் சட்டம் தடுக்கவில்லை. சென்னை மாகாணத்தில் 1949-லும், நாடு முழுவதும் 1955-ன் இந்துத் திருமணச் சட்டத்தாலும்தான் அது தடை செய்யப்பட்டது. இன்று முதல் மனைவி உயிரோடு, விவாகரத்து ஆகாமல் இருக்கும்போது செய்யும் இரண்டாவது திருமணம் செல்லாது. கோயிலில் தாலி கட்டினாலும், ஊர் கூடி வாழ்த்தினாலும் செல்லாது. வீட்டில் வயசுப் பிள்ளைகள் இருந்தால் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

அந்தத் திருமணத்தில் சுந்தராம்பாளுக்கு நிம்மதி அதிகம் கிடைக்கவில்லை. பிறந்த குழந்தை சில நாட்களிலேயே இறந்துவிட்டது. இருவருக்கும் மனக்கசப்பும் பிரிவும் வந்தன. கிட்டப்பாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் இன்று புத்தகங்களில் கிடைக்கின்றன. நாடே கொண்டாடிய ஒரு பாடகி, கணவர் தன்னை மதிக்கவில்லையே என்று உருகி எழுதியிருப்பது படிக்கிறவர் மனதைப் பிசையும். இன்னொரு வீட்டில் முதல் மனைவி என்று ஒரு பெண்ணும் இருந்தார். அவருடைய கண்ணீரையும் நாம் மறக்கக் கூடாது.

கிட்டப்பாவின் உடல்நலம் கெட்டது. 1933 டிசம்பர் 2-ம் தேதி இறந்துவிட்டார். அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

வெள்ளைப் புடவை

அன்றிலிருந்து சுந்தராம்பாள் வெள்ளைப் புடவை கட்டினார். நகைகளைக் கழற்றினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். கொஞ்ச காலம் மேடைப் பக்கமே போகவில்லை.

பிறகு மெல்ல வெளியே வந்தார். கதர் கட்டி, காங்கிரஸ் கூட்டங்களில் விடுதலைப் பாட்டுப் பாடினார். தீரர் சத்தியமூர்த்தி போன்ற தலைவர்கள் அவரைப் பொதுவேலைக்கு இழுத்து வந்தார்கள். அவர் பாடுகிறார் என்றால் போதும், ஆள் சேர்க்க வேறு வேலை இல்லை.

இந்த வெள்ளைப் புடவையைப் பற்றிப் பின்னால் திரும்பவும் பேசுவோம். இப்போது அவர் கேட்ட சம்பளத்துக்கு வருவோம்.

ஒரு லட்சம் ரூபாய்

1931-ல்தான் தமிழில் பேசும் படம் வந்தது. அப்போது பின்னணி பாடும் முறை இல்லை. இன்று ஒருவர் பாட, இன்னொருவர் வாயசைக்கிறார். அன்று நடிப்பவரே கேமரா முன்னால் நின்று பாட வேண்டும். ஒரு படத்துக்கு நாற்பது பாட்டுக்கூட இருக்கும். அதனால் பாடத் தெரிந்தவர்தான் நடிகை. 1930-களின் கடைசியில்தான் பின்னணிப் பாட்டு மெல்ல வரத் தொடங்கியது.

‘நந்தனார்’ கதையைப் படமெடுக்க ஒரு தயாரிப்பாளர் சுந்தராம்பாளைத் தேடி வந்தார். நந்தனார் ஆண் பாத்திரம். ஜோடியும் கிடையாது. ஆனாலும் சுந்தராம்பாளுக்கு சினிமாவில் இஷ்டமில்லை. வந்தவரைத் தட்டிக் கழிக்க, ஒரு லட்சம் ரூபாய் தந்தால் நடிக்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். தயாரிப்பாளர் அதற்கும் சம்மதித்துவிட்டார். 1935-ல் படம் வெளிவந்தது. ஒரு பவுன் தங்கம் முப்பது ரூபாய்க்குள் கிடைத்த காலம் அது. இந்தியாவிலேயே ஒரு படத்துக்கு ஒரு லட்சம் சம்பளம் வாங்கிய முதல் கலைஞர் என்று அவரைச் சொல்கிறார்கள். ஆண் பெண் இரண்டு பேரையும் சேர்த்துத்தான்.

அந்தப் படம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. அதற்காக அவர் விலை குறைந்துவிடவில்லை. 1940-ல் ‘மணிமேகலை’. 1953-ல் ஜெமினியின் ‘ஔவையார்’. இந்தப் படம் தமிழ்நாட்டில் வீடு வீடாக அவர் முகத்தைக் கொண்டு சேர்த்தது.

நாம் விலை சொல்கிறோமா?

தளவாய்புரம் பக்கம் நைட்டி தைக்கும் பெண்களிடமும், சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி வேலைக்குப் போகிறவர்களிடமும், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுபவர்களிடமும் நான் ஒரே கேள்வியைக் கேட்பேன். “உங்க வேலைக்கு என்ன விலை?” பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். “அவங்களாப் பாத்துக் குடுக்கதுதான் மேடம். நாம என்னத்தக் கேக்க?”

ஒரு தையல் குழுவில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு டஜன் நைட்டிக்கு நூல், பட்டன், கரண்டு, மிஷின் எண்ணெய், ரிப்பேர், வண்டிக் கூலி எல்லாவற்றையும் எழுதினார்கள். மொத்தம் போட்டுவிட்டு, “அவ்வளவுதான் மேடம்” என்றார்கள். தைத்த ஆளின் நேரத்தை ஒருவர்கூட எழுதவில்லை. “வீட்ல சும்மா இருக்க நேரந்தான” என்றார் ஒருவர். சமையல் முடித்து, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பி, தண்ணி பிடித்து, மத்தியானம் படுக்காமல் மிஷின் மிதித்த நேரம் எப்படி ‘சும்மா இருக்கிற நேரம்’ ஆகும்?

நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டதும் அந்தக் குழு கேட்க வேண்டிய கூலி தெரிந்தது. கேட்டார்கள். கேட்டது முழுக்கக் கிடைக்கவில்லை. முன்னைவிட ஒரு நைட்டிக்குச் சில ரூபாய் கூடியது. தனியாக ஒருத்தி கேட்டிருந்தால் “வேற ஆள் பாத்துக்கிடுதேன்” என்று சொல்லியிருப்பார்கள். பதினைந்து பேர் சேர்ந்து கேட்டதால் பேச உட்கார்ந்தார்கள்.

சுந்தராம்பாளைப் போலக் குரல் நமக்கு இல்லாமல் இருக்கலாம். அவர் தனியாகச் சொன்ன விலையை நாம் சேர்ந்து சொல்ல முடியும்.

“முடியாது” என்று சொன்னது

1964-ல் வந்த ‘பூம்புகார்’ படத்தில் சுந்தராம்பாள் கவுந்தி அடிகளாக நடித்தார். கலைஞர் மு. கருணாநிதி வசனம் எழுதிய படம். அதில் ஒரு பாட்டில் தெய்வத்தைக் கேள்வி கேட்பது போல வந்த வரியைத் தன்னால் பாட முடியாது என்று சுந்தராம்பாள் சொன்னதாகவும், கலைஞர் அதை மதித்து வரியை மாற்றிக் கொடுத்ததாகவும் சொல்வார்கள். எழுதியவருக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. பாடியவர் தீவிர முருக பக்தை. இருவரும் சண்டை போடவில்லை. ஒருவர் மனதில் பட்டதை வெளிப்படையாகச் சொன்னார், மற்றவர் காது கொடுத்துக் கேட்டார், வேலையும் நடந்தது. மனதுக்கு ஒப்பாத தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய்ப் புலம்பும் பழக்கம் நம் குழுக்களில் உண்டு. கூட்டத்திலேயே சொல்லிவிடுவது எல்லோருக்கும் நல்லது.

மேலவையிலும் மேடையிலும்

1951-ல் சுந்தராம்பாள் சென்னை மாநில சட்ட மேலவை உறுப்பினர் ஆனார். இந்தியாவில் சட்ட அவைக்குள் நுழைந்த முதல் திரைக் கலைஞர் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். அப்போது முதலமைச்சராக இருந்தவர் நம் ராஜபாளையத்துக்காரர் பூ.ச. குமாரசாமி ராஜா. தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமி, நாற்பத்து மூன்றாவது வயதில் சட்டம் பேசும் அவையில் உட்கார்ந்தார். இன்று ஊராட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. அந்த நாற்காலியில் உட்காரும் நம் உறுப்பினர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

1969-ல் ‘துணைவன்’ படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. அப்போது வயது 61. 1970-ல் பத்மஸ்ரீ. 1973-ல் ‘காரைக்கால் அம்மையார்’ படத்திலும் பாடி நடித்தார். சொந்த ஊரான கொடுமுடியில் தன் பெயரில் ஒரு தியேட்டரும் கட்டினார். 1980-ல் காலமானார். “வயசாச்சு, இனிமே என்ன” என்று ஐம்பது வயதிலேயே சொல்லும் நம் அக்காமார் இந்த வருஷக் கணக்கை ஒருமுறை திரும்பப் பார்க்கவும்.

இன்னொரு பெண், இன்னொரு வழி

அதே காலத்தில் இன்னொரு பெண்ணும் இருந்தார். திருவையாற்றில் 1911-ல் பிறந்த டி.பி. ராஜலட்சுமி. சிறு வயதிலேயே கல்யாணம் செய்து வைத்தார்கள். அது நிலைக்கவில்லை. பிழைப்புக்கு நாடகத்தில் சேர்ந்தார். 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ படத்தின் கதாநாயகி அவர்தான். கூட நடித்தவரை மறுமணம் செய்துகொண்டார். 1936-ல் தான் எழுதிய நாவலைத் தானே தயாரித்து, தானே இயக்கி, ‘மிஸ் கமலா’ என்று படமாக எடுத்தார். தமிழில் படம் இயக்கிய முதல் பெண் அவர்.

ஒருவர் வெள்ளைப் புடவையோடு தனியாக வாழ்ந்தார். இன்னொருவர் மறுமணம் செய்து வாழ்ந்தார். இரண்டில் எது சரி? இரண்டுமே சரி. அவரவர் எடுத்த முடிவு அது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சுந்தராம்பாளுக்குப் பின்னாளில் கிடைத்த பெரிய வேஷங்கள் ஔவையார், கவுந்தி அடிகள், காரைக்கால் அம்மையார். எல்லாரும் துறவிகள், அல்லது மூதாட்டிகள். கணவனை இழந்த பெண்ணை இந்தச் சமூகம் கும்பிட்டு ஏற்றுக்கொண்டது, ஆனால் சாமியாராக்கித்தான் ஏற்றுக்கொண்டது. சாமியார் ஆகாமல், நல்ல புடவை கட்டி, பூ வைத்து, சிரித்துப் பேசுகிற கைம்பெண்ணை நம் தெரு எப்படிப் பார்க்கிறது? இதை நாம் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விளக்கு ஏற்றுகிற கை

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழா. பொருளாளராக இருப்பவர் எட்டு வருஷமாக ஒரு ரூபாய் பிசகாமல் கணக்கு எழுதுபவர். வங்கியில் லட்சக்கணக்கில் பணம் எடுக்க அவர் கையெழுத்து வேண்டும். குத்துவிளக்கு ஏற்றப் பொறுப்பாளர்களைக் கூப்பிட்டபோது அவரைக் காணவில்லை. தேடினால் கதவுக்குப் பின்னால் நிற்கிறார். “நல்ல காரியத்துல நான் எதுக்கு மேடம், ஒதுங்கியே நிக்கேன்” என்றார். அவர் கணவர் இறந்து பத்து வருஷம் ஆகிறது.

யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. வரச் சொல்லவும் இல்லை. அங்கே இருந்த ஒரு பெரியம்மாதான் சத்தமாகக் கேட்டார்: “பேங்க்ல பணம் எடுக்க மட்டும் அவ கை வேணும், விளக்கு ஏத்த வேண்டாமாக்கும்?” சபையே அமைதியாகிவிட்டது.

அன்று அந்தப் பொருளாளர் விளக்கு ஏற்றவில்லை. எல்லார் முன்னாலும் அவரை இழுத்து நிறுத்துவதும் முறையல்ல என்று விட்டுவிட்டோம். அடுத்த மாதக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசினார்கள். சிலர் எதிர்த்தார்கள். “ஊரு என்ன சொல்லும்?” என்றார்கள். கடைசியில் தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள்: எந்த விழாவிலும் பொறுப்பில் இருப்பவர்களே முறை வைத்து விளக்கேற்றுவது, இதில் கைம்பெண், திருமணமாகாதவர், கணவரைப் பிரிந்தவர் என்ற வேறுபாடு கிடையாது, விருப்பமில்லாதவரை வற்புறுத்துவதும் கிடையாது. அடுத்த சுதந்திர தினத்தன்று அந்த அக்கா முன்னால் வந்து ஒரு திரியை ஏற்றினார். கை கொஞ்சம் நடுங்கியது. விளக்கு நன்றாகவே எரிந்தது.

வெள்ளைப் புடவை கட்டுவதோ, பூ வைப்பதோ, விளக்கு ஏற்றுவதோ அந்தப் பெண் முடிவு செய்ய வேண்டியது. சுந்தராம்பாள் கட்டினார் என்பதற்காக யாரையும் கட்டச் சொல்லக் கூடாது. அவர் முடிவை அவர் எடுத்தது போல, நம் உறுப்பினரும் அவரவர் முடிவை எடுக்க நாம் இடம் கொடுக்க வேண்டும்.

கூட்டத்தில் கலந்து பேச

1. நல்லதங்காள் போல அவசரத்தில் இருக்கும் ஒரு பெண் நம் குழுவைத் தேடி வந்தால், எவ்வளவு நேரத்தில் எவ்வளவு பணம் கொடுக்க முடியும்? அதற்கு நம்மிடம் விதி இருக்கிறதா?
2. நாம் செய்யும் வேலைக்கு இன்றைய கூலியை முடிவு செய்தது யார்? கடைசியாக எப்போது கூட்டிக் கேட்டோம்?
3. நம் குழுவில் கைம்பெண்கள் எத்தனை பேர்? அவர்களில் பொறுப்பில் இருப்பவர் எத்தனை பேர்?
4. வளைகாப்பு, கல்யாணம், விளக்கு ஏற்றுதல் போன்ற நேரங்களில் அவர்கள் எங்கே நிற்கிறார்கள்? அங்கே நிற்கச் சொன்னது யார்?
5. கூட்டத்தில் சொல்லாமல் விட்டு வெளியே போய் வருத்தப்பட்ட விஷயம் ஏதாவது உண்டா? அதை இன்று சொல்ல முடியுமா?

இந்த மாதம் செய்ய வேண்டியவை

1. தொழில் செய்யும் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு வாரம் தன் வேலை நேரத்தைக் குறித்து வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் காலண்டரில் கோடு போடலாம். அடுத்த கூட்டத்தில் நேரத்தையும் சேர்த்துச் செலவுக் கணக்குப் போடுங்கள்.
2. கணவரை இழந்த உறுப்பினரிடம் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஊக்குநர் கூடப் போய் வாங்கித் தரவும். கைம்பெண் உதவித்தொகை கிடைக்கத் தகுதி உள்ளதா என்று கிராம நிர்வாக அலுவலரிடமும் தாலுகா அலுவலகத்திலும் கேளுங்கள்.
3. கணவர் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய சொந்தச் சொத்தில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கணவரின் தாயாருக்கும் சம பங்கு உண்டு. 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்வது இது. “ஒரு கையெழுத்துப் போடு” என்று யார் காகிதம் நீட்டினாலும், படித்துக் காட்டாமல் போட வேண்டாம்.
4. விளக்கு ஏற்றுவது பற்றி உங்கள் குழுவிலும் பேசுங்கள். தீர்மானம் போட்டால் அதன் நகலைக் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் வெளியிடுவோம்.

மார்கழி மாதம் விடிகாலையில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தெருவில் நடந்தால் ஒரு பெண் எழுதிய பாட்டைத்தான் ஊரே பாடுகிறது. ஆண்டாள் காலத்திலிருந்து பெண் குரலைக் கேட்டுப் பழகிய ஊர் இது. கூட்டத்தில் உங்கள் முறை வரும்போது தலையைக் குனியாமல், கடைசியில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கிற மாதிரிப் பேசுங்கள்.

அடுத்த மாதம் உள்கடன் வட்டிக் கணக்கோடு சந்திப்போம்.

அன்புடன்,
களப்பணி ஒருங்கிணைப்பாளர்